ஆத்தா பாட்டுன்னு ஊரே ஆடுன பாட்டு

வேப்பிலையும் மஞ்சத்தண்ணியும் கலந்த வாசம்... நடுவுல தறி ஆயில் வாசம் வேற. வெண்ணந்தூர் பண்டிகைன்னா எனக்கு இன்னிக்கும் முதல்ல மூக்குலதான் வரும்.

தம்மம்பட்டியில ப்ளஸ் டூ முடிச்சுட்டு, சித்தி வீட்டுல தங்கி, பவர்லூம் பட்டறையில தார்க்குச்சிக்கு நூல் சுத்தப் போன சமயம். என் முதல் வேலை. பக்கத்து மெஷின்ல சரசக்கா (பேரை மாத்திட்டேன்). முப்பது வயசு கூட இருக்காது. புருஷன் கிணறு தூர் வாரப் போன இடத்துல மண்ணு சரிஞ்சு உள்ளயே போயிட்டார். ஊருக்கே தெரிஞ்ச சாவு.

தறி ஓடும்போது பேசினா காதுல விழாது. கரண்ட் போனா மட்டும் அக்கா பாடும். சொந்தமா கட்டுன பாட்டு.

"தண்ணி ஊத்திக் குளுர வெச்சேன்... மஞ்ச பூசி அழகு பாத்தேன்...
கிணத்துக்குக் குடுத்துப்புட்டு வெறுங்கழுத்தா நிக்கறேனே..."

ஒருநாள் கோயில் கமிட்டிப் பசங்க காதுல இது விழுந்துச்சு. "அட, நம்ம கம்பத்துப் பாட்டுங்க்கா இது!"ன்னு குதிச்சானுங்க. அந்த வருஷமே யாரையோ பாட வெச்சு மைக் செட்ல ஏத்திட்டானுங்க.

தெரியாதவங்களுக்குச் சொல்றேன். அந்தப் பக்கம் மாரியம்மன் பண்டிகைக்கு, கோயில் முன்னால மூணு கிளை உள்ள கம்பம் நடுவாங்க. அதுதான் ஆத்தாளோட புருஷன். பொம்பளைங்க தினமும் தண்ணி ஊத்தி மஞ்ச பூசுவாங்க. கடைசி நாள் பிடுங்கிக் கிணத்துல விட்டுடுவாங்க. ஆத்தா தாலி இழந்து நிப்பா.

பாட்டு அப்படியே பொருந்திப் போச்சு இல்ல? "ஆத்தாளே அவ வாயில வந்து பாடியிருக்கா"ன்னு சித்தி கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. நானும் போட்டுக்கிட்டேன்.

கம்பம் பிடுங்குற அன்னிக்குக் காலையில, கடைசியா தண்ணி ஊத்த வரிசை. எனக்கு முன்னால சரசக்கா, இடுப்புல குடத்தோட. ஸ்பீக்கர்ல அவங்க பாட்டு அலறுது. பசங்க விசிலடிச்சு ஆடறாங்க.

அக்கா கம்பத்துக்கிட்ட போனதும் கோயில் பெரியவர் கையை நீட்டினார்.

"சரசு, நீ தள்ளி நில்லு சாமி. கட்டுக்கழுத்திங்களும் கன்னிப்புள்ளைங்களும் ஊத்தட்டும்."

அதட்டல் கூட இல்லீங்க. பாசமாத்தான் சொன்னார். அவங்க பாட்டு தலைக்கு மேல ஓடிட்டிருக்கு... அவங்களைத் தள்ளி நிக்கச் சொல்றாங்க.

அக்கா குடத்தோட ஒதுங்கி செவுத்தோரம் நின்னாங்க. நான் பின்னாலயே ஓடினேன். "ஏனுங்க்கா, ஆத்தாளுக்கு நீங்க கட்டுன பாட்டுதானே ஓடுது? உங்களையே..."

"ஆத்தாளுக்கு எங்க கண்ணு கட்டுனேன்? எங்கூட்டுக்காரருக்குக் கட்டுனேன். சனிக்கெழமை தலைக்குத் தண்ணி ஊத்தி உட்டது நானு. நலுங்குக்கு மஞ்ச பூசுனது நானு. கிணத்துக்குக் குடுத்ததும் நானுதான்."

தூக்கிவாரிப் போட்டுச்சு. ஊருக்கே தெரிஞ்ச சாவு... அந்தப் பாட்டுல வேற என்ன இருக்கு? ஆத்தாளைத் தேடிக் கண்டுபிடிச்ச ஊருக்கு, எதுத்தாப்புல நிக்குற சரசு தெரியல. எனக்கும் தெரியல.

"போய்ச் சொல்லிடட்டுங்களாக்கா?"

"சொன்னா நிறுத்திப்புடுவாங்க. வருசத்துக்கு ஒருக்கா ஊரே அவரைப் பாடுது... பாடட்டும், உடு."

இப்போ நான் அஸ்தம்பட்டியில ஆபீஸ், ஸ்கூட்டர்னு ஓடிட்டிருக்கேன். போன வாரம் வாட்ஸ்அப்ல அதே பாட்டு... டிஜே மிக்ஸ்! கீழ ஒருத்தர் பெரிய விளக்கம் வேற எழுதியிருக்கார். கிணறுன்னா பிறவிக்கடலாம், கம்பம்னா ஜீவாத்மாவாம். நூறு கும்பிடு எமோஜி.

மனசு கேக்கல. அக்காவுக்கு போன் போட்டேன்.

"இப்பவாவது கம்பத்துக்குத் தண்ணி ஊத்த உடறாங்களாக்கா?"

"புதுசா பெரிய ஸ்பீக்கர் வாங்கியிருக்காங்க கண்ணு. இப்பெல்லாம் ஊட்டுல இருந்தே கேக்குது."