வினோதா அறுக்கவிடாத குழாய்

பழவேற்காட்டு மீனவர் வீட்டுப் பெண் வினோதா, கும்மிடிப்பூண்டி பக்கத்துக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் பதினோரு வருஷமாக ஆபரேட்டர். அன்று காலை, தொட்டிக்குக் காற்றடிக்கும் பழைய மெஷினை நிறுத்திவிட்டுப் புதியதைப் போட்டார்கள். அது ஓடவில்லை. காற்றில்லாவிட்டால் அழுக்கைத் தின்னும் கிருமிகள் செத்துவிடும். அழுக்கு அப்படியே பழவேற்காட்டு ஏரிக்குப் போகும். மூன்று மணி நேரத்தில் தொட்டி கறுத்து நாறியது.

“பழசையே ஓட்டலாம் சார்,” என்றாள் வினோதா.

“அதோட குழாய அப்பவே அறுக்கச் சொல்லிட்டேனேம்மா,” என்றார் காண்ட்ராக்ட் இன்ஜினியர் துளசிராமன். அவர் முகம் வெளுத்திருந்தது.

“புதுசு ஓடுறத பாத்துக்கலாம்னு நான்தான் அறுக்கவுடல சார். திட்டுவீங்கன்னு சொல்லாம இருந்துகினேன்.”

வினோதா ஓடிப்போய் வால்வைத் திறந்து சுவிட்சைத் தட்டினாள். மெஷின் இரண்டு தரம் முக்கிவிட்டு ஓடியது. தொட்டியில் குமிழிகள் கிளம்பின. அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

புதியது ஓட இரண்டு நாளானது. அதன்பிறகு துளசிராமன் எதைக் கழற்றினாலும் அவளைக் கேட்டுத்தான் கழற்றினார்.