இரண்டு டென்ஷனரும் ஒரு நாத்தனாரும்

நாத்தனாருக்கும் அண்ணிக்கும் ஆகாது என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியாது. எனக்கு என் கணவரைவிட அவர் தங்கையைத்தான் பிடிக்கும். இதை அவரிடமே சொல்லியிருக்கிறேன்.

எங்கள் வீட்டின் கீழ்த்தளம் முழுக்க மோட்டார் சைக்கிள் பட்டறை. பதினோரு வருஷமாக என் நாத்தனார் அங்கே பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவும்போதே எது தேய்ந்தது, எது இன்னும் ஓடும் என்று சொல்லிவிடுவாள். ஆனால் ஸ்பேனரைத் தொட்டால் அண்ணனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். தனக்கென்று ஒரு வேலை மேசை வேண்டும் என்று அவள் கேட்கும்போதெல்லாம் "பாக்கலாம், பாக்கலாம்" என்று இழுத்தடிப்பார்.

அப்போதுதான் நாற்பத்தைந்து வயதான ஒரு பழைய வண்டி வந்தது. எஞ்சினின் இரு பக்கமும் பக்கத்துக்கு ஒன்றாக, பல் வைத்த ரப்பர் பெல்ட். அவைதான் வால்வுகளை நேரம் தவறாமல் திறந்து மூட வைக்கும். பெல்ட் தொய்யாமல் அழுத்திப் பிடிக்கும் உருளைக்குப் பெயர் டென்ஷனர். இரண்டு டென்ஷனரும் உள்ளே பேரிங் காய்ந்து கரகரத்தன. பெல்ட் பல் தாவினால் வால்வு பிஸ்டனில் இடித்து எஞ்சின் காலி. புது டென்ஷனர் செய்வதை நிறுத்தி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது.

"ஓனருக்கு ஃபோன் போட்டு, எடைக்குப் போடச் சொல்லிடறேன்" என்றார் என் கணவர்.

"உருளை நல்லாதாண்ணா இருக்கு. உள்ள இருக்கற பேரிங்தான் போயிடுச்சு. நான் மாத்தறேன்."

"மாத்தி எஞ்சின் ஓடிடுச்சுன்னா ஜன்னலோர மேசை உனக்கு. ஓடலன்னா இனிமே மேசைப் பேச்சே எடுக்கக் கூடாது. சரியா?"

"சரி. அண்ணி, நீங்கதான் சாட்சி."

நான் தலையை ஆட்டிவைத்தேன்.

உருளையின் விளிம்பை மடித்து பேரிங்கைப் பூட்டியிருந்தார்கள். அந்த மடிப்பை அரை நாள் அரத்தால் ராவி எடுத்தாள். பழைய பேரிங்கைத் தள்ளி வெளியே எடுத்து, வெர்னியர் அளவுகோலில் மூன்று முறை அளந்தாள். அதே அளவு பேரிங் தெருமுனைக் கடையிலேயே கிடைத்தது. முதல் பேரிங்கை, அண்ணன் பட்டறை வழக்கப்படி, சுத்தியலால் தட்டி இறக்கினாள். சுற்றிப் பார்த்தால் உள்ளே மணல் அரைபடுவது போலச் சத்தம்.

"வெளி வளையத்த மட்டும் அழுத்தணும் அண்ணி. தெரிஞ்சும் தட்டிட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அதை எடுத்தெறிந்துவிட்டு இன்னொன்று வாங்கிவந்தாள். வெளி வளையத்தின் அளவுக்கு ஒரு குழாய்த் துண்டை வைத்து, வைஸ் இடுக்கியில் இரண்டையும் மெல்ல மெல்ல அழுத்தி இறக்கினாள். மடிப்பு போன இடத்தில் காடி வெட்டி, பேரிங் நழுவாமலிருக்க லாக் ரிங் போட்டாள். பெல்ட்டை மாட்டியபின் இழுத்துப் பிடிக்கும் வேலையை டென்ஷனரின் ஸ்பிரிங்கிடமே விட்டுவிட்டு போல்ட்டை முறுக்கினாள். முறுக்கிய ஒவ்வொரு போல்ட்டின் குறுக்கேயும் வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடு.

அன்றிரவே மூடிகளைப் போட்டுவிட்டாள். மறுநாள் காலை குளித்துவிட்டு வந்து ஸ்டார்ட் செய்தாள். எஞ்சின் பிடித்த நொடியே ஊளையிட்டது. உடனே அணைத்தாள்.

"நான்தான் அப்பவே சொன்னேன்ல" என்றார் என் கணவர்.

அவள் அசரவில்லை. "இடது பக்கம் மட்டும்தான் கத்துது" என்று அந்தப் பக்கத்து மூடியைக் கழற்றினாள். டென்ஷனர் போல்ட்டின் மேலிருந்த வெள்ளைக் கோடு இரண்டாகப் பிரிந்து விலகி நின்றது.

"இத யார் தொட்டது?"

பட்டறையில் மூன்றே பேர். நான் தொடவில்லை.

"கொஞ்சம் தொய்வா இருந்த மாதிரி தெரிஞ்சுது" என்றார் என் கணவர், சுவரைப் பார்த்து. "நீ தோத்துடக் கூடாதேன்னு... நீ குளிக்கப் போனப்போ மூடியக் கழட்டி, உருளைய நெம்பி லேசா டைட் வெச்சேன்."

அவர் லேசாக மூடிய தண்ணீர் பாட்டிலை இந்த வீட்டில் யாராலும் திறக்க முடியாது. தங்கை ஜெயிக்க வேண்டும் என்று மனிதருக்கு ஆசை இருந்திருக்கிறது. கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத்தான் தெரியவில்லை.

அவள் சண்டை போடவில்லை. அவளுக்கும் சேர்த்து நான் போட்டேன். அதற்குள் அவள் போல்ட்டைத் தளர்த்தி, ஸ்பிரிங் இழுக்க விட்டு, எஞ்சினைக் கையால் இரண்டு சுற்று சுற்றி, வால்வு நேரத்தைக் காட்டும் குறிகள் நேராக நிற்பதைப் பார்த்து முறுக்கிவிட்டாள். சுவிட்சை அழுத்தினாள்.

ஊளை இல்லை. கரகரப்பு இல்லை. எஞ்சின் சீராக ஓடியது. ஓட ஓட அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! நான் கை தட்டிய சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

என் கணவர் ஓனருக்கு ஃபோன் போட்டார். "வண்டி ஓடுது சார்... இல்ல சார், நான் கைய வெச்சுக் கெடுக்கத்தான் பாத்தேன். சரி பண்ணது எங்க இன்னொரு மெக்கானிக்." ஓனர் ஏதோ கேட்டார். "ஆமா சார், கடையில இப்போ ரெண்டு பேரு" என்றபடியே, ஜன்னலோர மேசையில் கிடந்த தன் சாமான்களை மறு கையால் அள்ள ஆரம்பித்தார்.