மூன்றாவது தொட்டி

ஜூன் ஆறாம் நாள், திங்கட்கிழமை. விடிந்ததிலிருந்து வானம் மூட்டம் போட்டுக்கொண்டு நின்றது. மழை வருவதாகவும் இல்லை, வெயில் அடிப்பதாகவும் இல்லை. இலை அசையாத அந்தப் புழுக்கத்தில், பல் துலக்கி முடிப்பதற்குள் லேப் அக்கா மூன்று முறை பின்னறைக்குப் போய்வந்துவிட்டார்.

பெற்றோர் இட்ட பெயர் வேறு. ஒரு சிறிய மருத்துவமனையின் பரிசோதனைக்கூடத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாக இரத்தமும் சளியும் பார்த்துவந்ததால், மருத்துவர் முதல் வாயிற்காவலர் வரை எல்லாரும் அவரை அப்படித்தான் அழைத்தார்கள். அவரைவிட மூத்தவர்களுக்கும் அவர் அக்காதான். அவருடைய வீட்டுப் பின்னறையில், ஜன்னலருகே தொடங்கிக் கதவருகே முடியும் நீண்ட இரும்புத் தாங்கியின்மேல் ஆறு கண்ணாடித் தொட்டிகள் வரிசையாக இருந்தன. அவற்றில் அவர், முட்டையிடாமல் குட்டி ஈனும் சிறு அழகுமீனான கப்பியை வளர்த்தார்.

வளர்த்தார் என்பதைவிடத் தேர்ந்தெடுத்தார் என்பதே பொருந்தும். ஒவ்வோர் ஈற்றிலும் தமக்கு வேண்டிய குட்டிகளை மட்டும் நிறுத்தி, மற்றவற்றை வேறு தொட்டிக்கு மாற்றி, ஆறு ஆண்டுகளில் பதினேழு தலைமுறை கடந்து ஓர் இனத்தை உருவாக்கியிருந்தார். அந்த ஆண்மீனின் உடலில் பின்பாதி மை கொட்டியது போல் கறுத்திருக்கும். வால் பாலாடை போல் வெளுத்திருக்கும். எங்கும் ஓர் ஆரஞ்சுப் பொட்டுக்கூட இராது. அதைப் பார்த்து, அச்சகத்தில் வேலை பார்க்கும் அவர் கணவர் விளையாட்டாக 'மைப்புட்டி' என்று சொல்ல, அதுவே பெயராக நிலைத்துவிட்டது.

ஏப்ரல் மாதத்தில் புதிதாக வாங்கிப் போட்ட நீர்ச்செடியோடு ஏதோ நோயும் வந்து சேர்ந்தது. இரண்டே வாரத்தில் மைப்புட்டிகளின் தொட்டி காலியாயிற்று. கடைசி ஆண்மீன் மே ஆறாம் நாள் இறந்தது. எஞ்சியது ஒரே ஒரு பெண்மீன். அதுவும் எட்டாம் நாள் பதினோரு குட்டிகளை ஈன்றது. பதினொன்றும் செத்தே பிறந்தன.

வேறெந்த மீனாக இருந்தாலும் கதை அதோடு முடிந்திருக்கும். ஆனால் கப்பிப் பெண்மீனுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒருமுறை சேர்ந்த ஆணின் வித்தை அது மாதக்கணக்கில் தன் உடலுக்குள் சேமித்து வைத்துக்கொள்ளும். ஆண் இறந்த பிறகும் அதைக்கொண்டே மாதத்துக்கு ஒன்றாக இன்னும் சில முறை ஈனும். லேப் அக்கா அதை நம்பித்தான் அந்தக் கைம்பெண்ணை வெந்நீரில் கழுவிய ஒரு தொட்டியில் தனியே விட்டுவிட்டு, மறுநாள் வெளியூர் புறப்பட்டார். மருத்துவமனைக்கு வந்திருந்த புதிய இயந்திரத்தைப் பழக ஐந்து நாள் பயிற்சி.

மீன்களைக் கவனிக்கும் பொறுப்பு கொழுந்தனிடம் வந்தது. அவன் ஃபிரிட்ஜ் மெக்கானிக். இரும்புத் தாங்கியைப் பற்றவைத்ததும், காற்று மோட்டாருக்கு மின்கம்பி இழுத்ததும், மார்ச் மாதத்தில் ஆறாவது தொட்டியைக் கொண்டுவந்து வைத்ததும் அவனே. அக்கா மீன்கடையில் சொல்லிவைத்திருந்த ஓர் ஆரஞ்சு நிற ஆண்மீனை வாங்கிவந்து, சாதாரணப் பெண்மீன்கள் இருந்த தொட்டியில் விடவேண்டும், அவ்வளவுதான் வேலை. பத்தாம் நாள் பயிற்சி இடைவேளையில் அவனிடமிருந்து தொலைபேசி வந்தது.

"அண்ணி, மாப்பிள்ளை வந்து இறங்கியாச்சு. பளபளன்னு ஆரஞ்சுச் சட்டை. எந்த வீட்டுல விடணும்?"

"மூணாவதுல விடு. பையோட அரைமணி நேரம் மிதக்கவிட்டு அப்புறம் திற."

"மாப்பிள்ளைக்கு மரியாதை பண்ண எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம், நீங்க போய்ப் பாடத்தைக் கவனிங்க."

ஐந்து தொட்டிகள் இருந்தவரை மூன்றாவது தொட்டி என்பது எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் நடுத்தொட்டிதான். ஆறாவது வந்த பிறகு நடு என்று ஒன்று இல்லாமற்போனதை இருவரில் ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை. அக்காவின் நாற்காலி ஜன்னலோரம் கிடந்ததால், அவருக்கு முதல் தொட்டி ஜன்னலருகே இருப்பது. கொழுந்தனுக்கோ கதவருகே இருப்பது. அவன் எண்ணிய மூன்றாவதில் கைம்பெண் இருந்தது.

பதின்மூன்றாம் நாள் மாலை ஊரிலிருந்து திரும்பி, பையைக்கூட இறக்காமல் பின்னறைக்குள் நுழைந்த அக்கா, ஆரஞ்சு மீன் மைப்புட்டியின் பெண்ணைச் சுற்றிச் சுற்றி வாலை விரித்து ஆடிக்கொண்டிருப்பதைக் கண்டார்.

"எந்தப் பக்கத்துலேர்ந்து எண்ணினே?" என்று கேட்டார். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

"கதவுலேர்ந்துதான். வீட்டுக்குள்ள யாராவது ஜன்னல் வழியா வருவாங்களா?" என்று சிரித்தான் அவன். அண்ணியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

"பதினேழு தலைமுறை. மூணே நாள்ல கரைச்சுட்டே. இனிமே என் தொட்டிப் பக்கம் நீ வரவேண்டாம்."

அவன் தன்னிடம் இருந்த வீட்டுச் சாவியைத் தொலைக்காட்சியின்மேல் வைத்துவிட்டுப் போனான்.

ஆரஞ்சு மீனை அப்போதே வலைபோட்டு எடுத்தாயிற்று. ஆனால் மூன்று நாள் போதுமானதற்கும் மேல். உள்ளே சேமிப்பில் இருப்பது இறந்தவனின் பழைய வித்து. புதிதாக வந்ததோ அதை முந்திக்கொள்ளக்கூடியது. இரண்டில் எது வென்றது என்பதைத் தாயைப் பார்த்துச் சொல்ல முடியாது. குட்டிகள் பிறந்து, அவற்றில் ஆண்கள் பிரிந்து, நிறம் ஏறினால்தான் தெரியும். மைப்புட்டியின் கறுப்பு தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே போவது. கறுத்த மகன் ஒருவனாவது பிறந்தால் இனம் பிழைக்கும். பிறக்காவிட்டால் ஆறு ஆண்டு உழைப்பு அத்துடன் சரி.

அந்த ஈற்றுக்கான நாள்தான் ஜூன் ஆறு. ஈனப்போவதன் அடையாளமாகத் தாய்மீனின் வயிறு சதுரமாகிவிட்டது. வாலடிக் கரும்புள்ளி வழிந்து பரந்திருந்தது. எட்டு மணிக்கு வேலைக்குப் போகவேண்டியவர் எட்டேகால் வரை கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தொட்டிக்கு முன்னால் நின்றார், உட்கார்ந்தார், எழுந்தார், பாசிக்கொத்தை இடமாற்றினார், மறுபடி பழைய இடத்திலேயே வைத்தார்.

"நம்ம பையன் பொறந்தப்பகூட நீ இவ்வளவு நடக்கலை," என்றார் கணவர், நாளிதழிலிருந்து தலையை எடுக்காமல். அவர் உட்கார்ந்தால் உட்கார்ந்த இடத்திலேயே இருப்பவர்.

"அவன் பொறந்தப்ப அப்பா யாருன்னு எனக்குத் தெரியும்."

கணவர் நாளிதழை இறக்கினார். சற்று நேரம் யோசித்துவிட்டு மீண்டும் தூக்கிக்கொண்டார்.

அன்று பரிசோதனைக்கூடத்தில் நுண்ணோக்கியின்கீழ் வெள்ளணுக்களை எண்ணும்போது அக்காவுக்கு எண்ணிக்கை தவறியது. முதலிலிருந்து எண்ணினார், மறுபடியும் தவறியது. உணவு இடைவேளையில் சோற்று டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்கு ஓடினார். பாசிக்குள் கண்ணும் வாலுமாய்க் கடுகளவு உயிர்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. தாய் தன் குட்டிகளையே விழுங்கிவிடக்கூடியது என்பதால் அதை உடனே வேறிடம் மாற்றிவிட்டு எண்ணினார். இருபத்துமூன்று. எல்லாம் உயிரோடு இருந்தன. எல்லாம் ஒரே சாம்பல் நிறம்.

அதன்பின் வந்த நாள்கள் அவரை ஓரிடத்தில் இருக்கவிடவில்லை. அவித்த முட்டையின் மஞ்சள்கருவைத் துணியில் கட்டி நீரில் கசக்கி நாளுக்கு நான்கு வேளை ஊட்டினார். அடுப்பில் பால் பொங்கியது. துவைத்த துணி வாளியிலேயே கிடந்து நாறியது. கேட்ட கேள்விக்கு வேறு எதற்கோ உரிய பதில் வந்தது. பூதக்கண்ணாடி கையோடு ஒட்டிப் பிறந்ததுபோல் ஆயிற்று. நான்காம் வாரம் வயிற்றடித் துடுப்பு குச்சியாக நீண்ட குட்டிகளைப் பிரித்தார். பத்து ஆண்கள்.

ஜூலை எட்டாம் நாள் ஒரு குட்டியின் விலாவில் துளி ஆரஞ்சு தெரிந்தது. விளக்கின் நிழலாக இருக்கும் என்று விளக்கை இடம் மாற்றிப் பார்த்தார். ஆரஞ்சு ஆரஞ்சாகவே இருந்தது. அதை ஜன்னலோரத் தொட்டிக்கு மாற்றினார். மறுநாள் இரண்டு. அந்த வாரம் முடிவதற்குள் ஆறு. சாப்பிட உட்கார்ந்தவர் பாதியில் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருவார். வரும்போது முகத்தில் எண்ணிக்கை ஒன்று கூடியிருக்கும்.

"அவன் இந்தப் பக்கம் வந்து ரெண்டு மாசம் ஆச்சு," என்றார் கணவர் ஒரு மாலையில்.

"ஏன், அவனுக்குக் காலில்லையா?"

"காலிருக்கு. நீதான் வாசலை அடைச்சுட்டே."

"நான் எண்ணச் சொன்னது ஒரு தொட்டி. அவன் எண்ணினது ஒரு தொட்டி. அதுக்கு நான் என்ன பண்றது?"

"அதையேதான் அவனும் சொல்றான். அதே வார்த்தை."

ஜூலை இருபதாம் நாளுக்குள் ஒன்பது குட்டிகளும் ஆரஞ்சாகிவிட்டன. பத்தாவது மட்டும் மற்றவற்றைவிடச் சிறுத்து, நிறமே ஏறாமல், காற்றுக்குமிழிகளுக்குப் பின்னால் ஒதுங்கிக் கிடந்தது. பின்தங்கிய குட்டிக்கு நிறமும் பின்தங்கும். அதற்குமேல் அதைப் பற்றி எதுவும் சொல்வதற்கில்லை.

இருபத்தெட்டாம் நாள் காலையில் பரிசோதனைக்கூடத்துக்கு ஓர் இரத்தக் குழாய் வந்தது. மேலே பெயர்ச்சீட்டு இல்லை. அக்கா அதைத் தட்டிலிருந்து ஒதுக்கிவைத்தார். கொண்டுவந்த செவிலிக்கு முகம் சுருங்கியது.

"அஞ்சாம் படுக்கைக்காரரோடதுதான் அக்கா. நானேதான் எடுத்தேன், எனக்குத் தெரியாதா?"

"உனக்குத் தெரியும். குழாய்க்குத் தெரியுமா? சீட்டு ஒட்டாத ரத்தம் யாரோடதும் இல்லை. நாளைக்கு நான் மாத்தி எண்ணினா அது என் தப்பில்லை, ஒட்டாம விட்ட உன் தப்பு. போ, மறுபடி எடு."

செவிலி போய்விட்டாள். அக்கா தாம் பேசியதைத் தாமே மறுபடி கேட்டவர்போல் நின்றார். நாளொன்றுக்கு நூறு குழாய்களுக்குச் சீட்டு ஒட்டும் கை அது. வீட்டிலிருந்த ஆறு தொட்டிகளில் ஒன்றுக்குக்கூட அந்தக் கை சீட்டு ஒட்டியதில்லை. மேசை இழுப்பறையைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்து, ஓரம் கிழிந்து கழித்துப்போட்டிருந்த சீட்டுகள் சிலவற்றை எடுத்துக்கொண்டார். கொழுந்தனைத் தொலைபேசியில் அழைத்தார்.

"காத்து மோட்டார் சத்தம் போடுது. வந்து பாரேன்."

"எந்தப் பக்கத்து மோட்டார் அண்ணி?"

"இருக்கிறதே ஒண்ணுதான். ஞாயித்துக்கிழமை வா."

ஞாயிற்றுக்கிழமை அவன் கருவிப்பெட்டியுடன் வந்தான். பின்னறை வாசலில் செருப்பைக் கழற்றியவன் உள்ளே வராமல் நின்றான். ஆறு தொட்டிகளிலும் சீட்டு ஒட்டியிருந்தது. கதவருகே இருந்த தொட்டியில் 'ஒன்று' என்று எழுதியிருந்தது.

"எண்ணிக்கை கதவுலேர்ந்து வருதே," என்றான்.

"ஜன்னல் வழியா யாரும் வரமாட்டாங்கன்னு நீதானே சொன்னே." அக்கா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தார். "ஒட்டாம விட்டது நான். உன்னைத் திட்டினது தப்பு."

அவன் கருவிப்பெட்டியை இப்படியும் அப்படியும் திறந்து மூடினான். "மாப்பிள்ளை பார்த்தது நான்தானே, எனக்கும் கொஞ்சம் பங்கு குடுங்க," என்று முணுமுணுத்துவிட்டு உள்ளே வந்து மோட்டாரைக் காதில் வைத்துக் கேட்டான். அதில் சத்தமே இல்லை. அவன் அதைத் துடைத்து வைத்தான். பிறகு மூன்றாம் எண் தொட்டிமுன் குனிந்து, சட்டைப்பையிலிருந்து சிறு டார்ச்சை எடுத்து அடித்தான்.

"இங்க ஒருத்தன் மட்டும் தனியா இருக்கானே."

அக்கா பூதக்கண்ணாடியைத் தேடினார். அது அவர் கையிலேயே இருந்தது. காலையில் நான்கு முறை பார்த்தபோதும் அந்தக் குட்டி குமிழிகளுக்குப் பின்னால்தான் இருந்தது. இப்போது வெளிச்சத்தை நோக்கி மெல்ல முன்னால் வந்தது. விலாவைப் பார்த்தார். முதுகைப் பார்த்தார். மீன் திரும்பும்வரை பொறுத்திருந்து மறுபக்கத்தையும் பார்த்தார். எங்கும் ஆரஞ்சு இல்லை. உடலின் பின்பாதியில், பேனா கசிந்த காகிதம்போல், விளிம்பு சீராக இல்லாத ஒரு கறுப்பு இறங்கிக்கொண்டிருந்தது.

கொழுந்தன் டார்ச்சை அசைக்காமல் பிடித்திருந்தான். குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"இவன் யாரோட பிள்ளை அண்ணி?"

"செத்துப்போனவனோட பிள்ளை."