நனைக்காத துணி

கோபக்காரி என்று எனக்குப் பட்டம் கொடுத்தவர் என் வீட்டுக்காரர்தான். அவர் கார் மெக்கானிக், நான் டெய்லர். சங்கரன்கோவிலில் ஒரே ஓட்டுக் கூரைக்குக் கீழே இந்தப் பக்கம் அவருடைய ஒர்க்‌ஷாப், அந்தப் பக்கம் என் தையல் மெஷின். நடுவில் ஒரு தட்டி. அந்தத் தட்டியைத் தாண்டி நாங்கள் போட்ட சண்டையில் பாதி, மெஷின் சத்தத்தில் யாருக்கும் கேட்காமல் போனது.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஓர் ஆனி மாதம் அந்தச் சிவப்புக் கார் வந்தது. இரண்டே சீட், தரையோடு தரையாகப் பதுங்கி உட்கார்ந்திருக்கும். பஞ்சு வியாபாரம் செய்த ஒரு முதலாளி அதை வாங்கி, மதராஸ் பக்கம் நடக்கிற பந்தயத்துக்கு விட ஆசைப்பட்டார். ஓட்ட இரண்டு பேர் போட்டி. ஒருவர் மதுரைக்காரர், பந்தயத்தில் பழகியவர். இன்னொருவன் பஸ் ஓட்டிக்கொண்டிருந்த என் தம்பி. வாசுதேவநல்லூர் வரை போய்த் திரும்ப ஐம்பது நிமிஷம் என்று முதலாளி கணக்குச் சொன்னார். மதுரைக்காரர் அதற்குள் வந்துவிட்டார். தம்பியின் முறை மறுநாள்.

"ஓட்டத் தெரிஞ்சா மட்டும் போதாது. என்ஜினக் காப்பாத்தவும் தெரியணும். வண்டிய நீங்களே தயார் பண்ணிக்கிடுங்க" என்று எங்களிடம் சொல்லிவிட்டுப் போனார் முதலாளி.

தம்பிக்கு வேறு நினைப்பே இல்லை. இது கைவிட்டுப் போனால் ஆயுசுக்கும் பஸ் ஸ்டியரிங்தான் என்று சோறு இறங்காமல் திரிந்தான்.

சண்டை பில்டரில் தொடங்கியது. அந்த என்ஜின் காற்றை இழுக்க, புனல் மாதிரி நாலு வாய் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கூட வந்த பில்டர் மதுரைக்காரர் ஓட்டத்திலேயே கிழிந்துபோயிருந்தது. புதிது நம் நாட்டில் கிடைக்காது. லாரிக்குப் போடுகிற பேப்பர் பில்டரை வெட்டிப் பொருத்தலாம் என்றார் என் வீட்டுக்காரர்.

"அது மூக்கப் பொத்திக்கிட்டு ஓடுத மாதிரி அத்தான். வண்டி இழுக்காது. வெறும் வாயாவே விட்டுருவோம்" என்றான் தம்பி.

"ஏலே, இந்தக் கப்பி ரோட்டுத் தூசி உள்ள போச்சுன்னா பிஸ்டனும் சிலிண்டரும் உப்புத்தாள் போட்டுத் தேச்ச மாதிரி ஆயிரும். ஒரு ஓட்டத்துக்கு அடுத்தவன் என்ஜினத் திங்கப் பாக்கியா?"

இருவரும் பேசப் பேச எனக்குப் பொறுக்கவில்லை. தட்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். பேப்பர் வேண்டாம், வெறும் வாயும் வேண்டாம். பக்கத்துத் தறிக்கூடத்தில் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள், கண்ணி கண்ணியாக இருக்கும், நாலு மடிப்பாக உறை தைத்து எண்ணெய் தடவினால் காற்று போகும், தூசி ஒட்டிக்கொள்ளும் என்றேன். தம்பியின் முகம் மலர்ந்தது. வீட்டுக்காரர் முகம் சுருங்கிவிட்டது.

"ஏட்டி, இது ஜாக்கெட் இல்ல, என்ஜின்."

"உங்க என்ஜினுக்கு நான் அளவெடுக்கேன், பாருங்க" என்றேன்.

தறியிலிருந்து அப்போதுதான் இறக்கிய துணியை வாங்கி வந்தேன். கம்பி வலையில் கூடு செய்து நாலு உறை தைத்தேன். இங்கேதான் நான் தப்புச் செய்தது. ஜாக்கெட் துணி கொண்டுவருகிற யாராக இருந்தாலும் "நனைச்சாச்சா?" என்று முதலில் கேட்கிறவள் நான். ஆனால் இது தம்பியின் நல்ல காரியம், துணியோ கோடி, புத்தம் புதுசு. கோடியை நனைக்கக் கூடாது என்று சின்ன வயதிலிருந்து கேட்டு ஊறிப்போன மனசு. நனைக்காமலே தைத்தேன். ஒவ்வொரு உறைக்கும் எண்ணெய் தடவி, ஓரத்தில் மஞ்சளும் வைத்துக் கொடுத்தேன். தம்பி கண்ணில் ஒற்றிக்கொண்டு மாட்டினான். வண்டி சீறியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் காலை முதலாளி கையில் கடிகாரத்தோடு ஒர்க்‌ஷாப் வாசலில் நின்றார். பக்கத்து சீட்டில் ஒருவர் உட்கார வேண்டும் என்பது அவர் விதி. என் வீட்டுக்காரர் மாட்டேன் என்றுவிட்டார்.

"தச்சவ போகட்டும்" என்றார்.

சரிதான் என்று சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். தெருவே வாய் பிளந்து பார்த்தது.

புளியங்குடி வரை பறந்தோம். முன்னால் போன பஸ் கிளப்பிய தூசி கண்ணை மறைத்தது, ஆனால் என்ஜின் சத்தத்தில் ஒரு பிசிறு இல்லை. என் இரண்டு கையும் கதவைப் பிடித்தபடி மரத்துப்போயிருந்தன. புளியங்குடி தாண்டியதும் மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. சாரல்.

பானெட்டின் மேலே காற்றுக்காக ஒரு திறப்பு வெட்டியிருந்தது. அதன் வழியாகத் தண்ணீர் நேராக உறைமேல் விழும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வாசுதேவநல்லூரில் வண்டியைத் திருப்பும்போது நேரம் கையில் இருந்தது. திருப்பி அரை மைல் வரவில்லை, என்ஜின் திக்கியது. பின்னால் கரும்புகை. தம்பி மிதிக்க மிதிக்க வண்டி இருமிக்கொண்டு நின்றேவிட்டது.

பானெட்டைத் திறந்ததும் எனக்கு வாசனை வந்தது. தறிக்கூடத்தில் பாவு நூல் விறைக்கப் போடுகிற கஞ்சியின் வாசனை. தொட்டுப் பார்த்தேன். துணியில் இருந்த கஞ்சி தண்ணீரில் ஊறி, தூசியோடு சேர்ந்து, போஸ்டர் ஒட்டுகிற பசை மாதிரி கண்ணிகளை அடைத்திருந்தது.

"நான் நனைக்கல, தம்பி" என்றேன். "மஞ்சள் மட்டும் வச்சேன்."

அவன் என்னைப் பார்க்கவில்லை. நாலு உறையையும் உருவினான். வெறும் வாய்கள் திறந்து கிடந்தன. அப்படியே கிளம்பினால் நேரத்துக்குள் போய்விடலாம். எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். புளியங்குடிக்கு அந்தப் பக்கம் சாரலும் இல்லை, தூசியும் குறையாது. அவன் கை சாவியில் இருந்தது. போலே, போயிரு என்று சொல்ல என் நாக்கு நுனி வரை வந்தது.

"அத்தான் சொன்னதுதான். அடுத்தவன் என்ஜின்" என்றான். "ஒன் சேல பழசா?"

நூறு தடவை துவைத்த நூல் சேலை. முந்தானையைப் பல்லால் கடித்துக் கிழித்தேன். நாலு துண்டு. எண்ணெய் அளக்கிற கம்பியை உருவி உருவி, அதில் ஒட்டியிருந்த எண்ணெயைத் துணியில் தடவி, கம்பிக் கூட்டின்மேல் சுற்றிக் கட்டினோம். எண்ணெய் வழுக்கி முடிச்சு நிற்கவில்லை. இரண்டு தடவை அவிழ்ந்தது. வண்டி கிளம்பியபோது மிச்சம் பிடித்த நேரம் எல்லாம் போயிருந்தது. ஆனாலும் அவன் அப்படி ஓட்டி நான் பார்த்ததில்லை. ஊருக்குள் நுழையும்போது ஒன்பது நிமிஷம் அதிகம்.

முதலாளி கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பானெட்டைத் திறக்கச் சொன்னார். நீலச் சேலைத் துண்டுகளைப் பார்த்தார். என் மடியில் கிடந்த பழைய உறைகளை எடுத்துப் பிசுபிசுப்பை விரலால் தேய்த்தார்.

"இந்தத் துணிய யாரு போடச் சொன்னது?"

ஒர்க்‌ஷாப் வாசலில் என் வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். உதட்டில் ஒரு சின்னச் சிரிப்பு. நேற்றே சொன்னேனே என்கிற சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கு முன்னால் என்னால் வாய் திறக்க முடியவில்லை. யாருக்கும் பதில் பாக்கி வைக்காத நான், அன்றைக்குக் கிழிந்த சேலையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தேன்.

"நாந்தான் மொதலாளி" என்றான் தம்பி.

"நேரம் போனது பெரிசில்ல வே. எத மாட்டணும்னு தெரியாதவன்கிட்ட எப்படி வண்டியக் குடுக்கது?"

மூன்றாம் நாள் மனசு கேட்காமல் நானே முதலாளியின் பஞ்சு மூட்டை அடுக்கிய கிட்டங்கிக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். கோடி, மஞ்சள், கஞ்சி எல்லாம்.

"அன்னைக்கே சொல்லக்கூடாதாம்மா? இன்னொரு ஓட்டம் குடுத்திருப்பேனே. மதுரைக்காரருக்கு நேத்துதான் வாக்குக் குடுத்தேன்."

தெருவில் நடந்து வரும்போது அழுதேன். தம்பியிடம் சொன்னேன். "விடுக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் எடுக்கப் போனான். என் வீட்டுக்காரரிடமும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அன்றைக்கும் சிரிக்காமல் இருந்திருக்கலாம்.

இரண்டு வருஷம் கழித்துத் தம்பிக்குக் கல்யாணம். முகூர்த்த வேட்டி எடுத்தது நான். முதல் நாளே தண்ணீரில் போட்டு அலசி, கஞ்சி போகக் கசக்கி, காயவைத்துக் கொண்டுபோனேன். மணவறைக்குப் பக்கத்தில் சொந்தக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். கோடி வேட்டியை எவளாவது நனைப்பாளா, யார் செய்த வேலை என்று ஒரே கூச்சல்.

"நாந்தான் நனைச்சேன்" என்றேன், மேளத்தையும் மீறிக் கேட்கிற மாதிரி. "இப்ப அதுக்கு என்ன?"

தம்பி வேட்டியை வாங்கித் தடவிப் பார்த்தான். பிறகு எனக்கு மட்டும் கேட்கிறபடி, சிரித்துக்கொண்டேதான் கேட்டான்.

"இந்த வாய் அன்னைக்கு எங்கக்கா போச்சு?"