எச்சில் படாத ஒயின்

“இன்னைக்கு வாயைத் திறந்தீங்க, தொலைச்சுப்புடுவேன்!” என்று காலையிலேயே என் கணவரை மிரட்டி வைத்திருந்தேன். பேசுவதற்குத் தடையில்லை, குடிப்பதற்குத்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் ஒரு கிளாஸ் சிவப்பு ஒயினோடு சோபாவில் சாய்கிற மனிதர் அவர். அதை நான் பெரிதுபடுத்தியதில்லை. ஆனால் அன்று எங்களோடு வரப்போகிறவர்கள், மகள் விரும்பும் பையனின் அப்பாவும் அம்மாவும். யாழ்ப்பாணத்துக்காரர்கள், இங்கே எங்கள் நகரத்தில் ஹென்டர்சன் பகுதியில் வீடு, கோயில் காரியம் எதுவானாலும் முதல் ஆளாக நிற்பவர்கள். கல்யாணத்துக்கு இன்னும் சம்மதம் சொல்லவில்லை. “முதல்ல பழகிப் பார்ப்பம்” என்று நிறுத்தியிருந்தார்கள். குடிக்கிற வீடு என்று தெரிந்தால் எல்லாம் அத்தோடு சரி.

பழகிப் பார்க்கப் பிள்ளைகள் பிடித்த இடத்தைப் பாருங்கள்! நகரத்துக்கு மேற்கே திராட்சைத் தோட்டங்கள். ஆறு பேருக்கும் ஒரு வேன், ஓட்டியது பையன்.

“கல்யாணம் பேசலாம்னா, சாராயக் கடைக்குக் கூட்டிட்டுப் போறியேடி!” என்று மகள் காதைக் கடித்தேன்.

“அம்மா, இட்ஸ் எ வெனியூ. இங்க கல்யாணமே நடக்கும். ரிலாக்ஸ்!”

எங்கே ரிலாக்ஸ்? முதல் தோட்டத்தில் கிளாஸ்களைப் பரப்பியதுமே, “நாங்க இதெல்லாம் தொடமாட்டோம்” என்று முந்திக்கொண்டேன். “ஓம், எங்கட வீட்டிலயும் இல்லை” என்றார் பையனின் அம்மா. ஆறு பேருக்கும் திராட்சை ஜூஸ் வந்தது. இரண்டாவது தோட்டத்திலும் அதே கதைதான். அந்த அம்மா என்னிடம் மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் எல்லாம் “நீங்கள், உங்கட” என்ற அளவில். அக்கா, தங்கச்சி என்று ஒரு முறை வாயில் வரவேண்டுமே, ம்ஹூம். என் கணவரோ பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்த பாட்டில்களைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

மூன்றாவது தோட்டம் இத்தாலியிலிருந்து வந்த ஒரு தம்பதியுடையது. இத்தாலிக்கே போய் இறங்கினது போல இருந்தது. மண்நிற வீடு, நெட்டையாக நிற்கும் மரங்கள், சரிவு முழுக்கத் திராட்சை. அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டியை ஆலிவ் எண்ணெயில் தொட்டுச் சாப்பிட்டதும், சத்தியமாகச் சொல்கிறேன், என் கவலையில் பாதி போய்விட்டது. இங்கேயே தாலி கட்டட்டும் என்றுகூடத் தோன்றியது.

அப்போதுதான் கவனித்தேன், இரண்டு அப்பாக்களையும் காணோம்.

நானும் பையனின் அம்மாவும் தேடிக்கொண்டு கொடி வரிசைகளுக்குள் போனோம். கடைசி வரிசைக்குப் பின்னால் இரண்டு பேரும் நிற்கிறார்கள். கையில் ஒரே ஒரு கிளாஸ். இரண்டாவது கிளாஸ் கேட்டால் மாட்டிக்கொள்வோமாம்! சம்பந்தி ஆகப்போகிறவருக்கு எச்சிலைக் கொடுக்கலாமா? ஆகவே ஆளுக்கு ஒரு வாய், அண்ணாந்து, சொம்பில் தண்ணீர் குடிக்கிற மாதிரி. ஆனால் அது சொம்பில்லையே, அகல வாய்க் கிளாஸ். இரண்டு வெள்ளைச் சட்டையிலும் நெஞ்சு முழுக்கச் சிவப்பு.

போச்சு, கல்யாணம் போச்சு!

“ஐயோ கடவுளே!” என்று தலையில் கை வைத்தார் பையனின் அம்மா. திட்டு எங்களுக்குத்தான் என்று நினைத்தேன். ஆனால் அவர் பாய்ந்தது தன் கணவர்மேல். “ஒரு துளியும் தொடக்கூடாதெண்டு வேனில ஏறேக்கையே சொன்னனான் எல்லே? இவை என்ன நினைப்பினம்?”

“நாங்களா?” என்றேன். “நான் இவரை வீட்டிலிருந்தே மிரட்டிக் கூட்டிட்டு வந்தேங்க!”

அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். முதலில் யார் சிரித்தது என்று இன்றுவரை எங்களுக்குள் தகராறு. வயிறு வலிக்கச் சிரித்தோம். ஆண்கள் இரண்டு பேரும் திருதிருவென்று முழித்தார்கள்.

“சிந்தாமல் குடிக்கவும் தெரியேல்லை” என்று பையனின் அம்மா தன் கணவரிடமிருந்து கிளாஸைப் பிடுங்கினார். தலையை அண்ணாந்தார், கையை உயர்த்தினார், மெல்லச் சரித்தார். பட்டுச் சேலையில் ஒரு சொட்டு விழவில்லை.

பிறகு மிச்சத்தோடு என் பக்கம் திரும்பினார்.

“சம்மந்தி, வாயை வடிவாத் திறவுங்கோ.”

திறந்தேன்.