பின்பக்கத்துப் பச்சைப் புள்ளி

என் பத்து வயது மகள் மேல்வீட்டுக்காரனை ‘அங்கிள்’ என்று கூப்பிடும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். இதை மறைத்து என்ன ஆகப்போகிறது? திருநின்றவூரில் இந்த ஃப்ளாட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் என் பின்னால்தான் சுற்றிக்கொண்டிருந்தாள். பிறகுதான் அவனும் அவன் மனைவியும் மேலே குடிவந்தார்கள். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன். சண்டை போடும் மிருகங்களின் படம் போட்ட அட்டைகளை வைத்து ஆடும் விளையாட்டை, மாடிப்படியில் உட்கார்ந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தான். அதன்பிறகு நான் வேலை முடிந்து வந்தால் பையை வாங்கி வைக்கக்கூட ஆள் இல்லை.

அட்டைதானே, நான் வாங்க மாட்டேனா? திருவள்ளூர் பஜாரிலிருந்து ஒரு டப்பா நிறைய வாங்கி வந்தேன். அவள் படத்தைப் பார்க்கவேயில்லை. முதல் அட்டையின் இடது கீழ் மூலையைப் பார்த்தாள்.

“இது பழைய லெட்டருப்பா. போட்டில சேத்துக்க மாட்டாங்க.”

ஒவ்வொரு அட்டையின் மூலையிலும் கடுகளவு கட்டத்துக்குள் ஓர் ஆங்கில எழுத்து இருப்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. புது எழுத்துகள் வர வர, பழைய எழுத்து உள்ளவற்றைப் போட்டியிலிருந்து நீக்கிவிடுவார்களாம். யார் சொன்னது என்று கேட்டேன். அங்கிள் சொன்னாராம். வேறு யார் சொல்லப்போகிறார்கள்!

காக்களூரில் பம்ப் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் நான் இன்ஸ்பெக்‌ஷன். தேறிய பீஸின் மேல் பெயின்ட் மார்க்கரால் பச்சைப் புள்ளி வைப்போம். புள்ளி இல்லாத பீஸ் பேக்கிங் பக்கமே போகாது. எழுத்துப் பார்க்க எனக்கு மேல்வீட்டான் தயவு எதற்கு? டப்பா முழுக்கக் கொட்டி, செல்லுபடியாகும் எழுத்து உள்ளவற்றை நானே பொறுக்கினேன். அவள் ஞாயிற்றுக்கிழமைப் போட்டிக்காக அவற்றையும் அவன் இரவல் கொடுத்தவற்றையும் சேர்த்து ஒரு கட்டு தயார் செய்து, ஒவ்வோர் அட்டையையும் அதற்கென்றே விற்கிற பிளாஸ்டிக் உறையில் போட்டாள். முன்னால் வைத்தால் படம் கெட்டுவிடுமே என்று, என் அட்டைகளின் உறைக்குப் பின்னால் பச்சைப் புள்ளி வைத்தேன். அவனுடையவற்றுக்கு வைக்கவில்லை. அவன் சரக்குக்கு நான் ஏன் ஓகே போட வேண்டும்?

போட்டி திருவள்ளூரில் ஒரு பொம்மைக் கடையின் மாடியில் நடந்தது. அவனும் வந்திருந்தான். அவள்தான் கூப்பிட்டாளாம். முதல் ஆட்டத்துக்கு அவள் கட்டைக் கலைத்து மேசையில் கவிழ்த்ததும், நடுவராக இருந்த பெண் குனிந்து பார்த்தார்.

“இன்னா சார் இது, பின்னாடி புள்ளி?”

“செக் பண்ணி வெச்சது மேடம். லெட்டர் எல்லாம் கரெக்டா கீது” என்று பெருமையாகச் சொன்னேன்.

“லெட்டர் கரெக்டுதான். ஆனா பின்பக்கம் எல்லாம் ஒரே மாதிரி இருக்கணும் சார். எடுக்கறதுக்கு முன்னாடியே இன்னா கார்டுன்னு தெரிஞ்சிடுமே? இத்த வெச்சிக்கினு ஆட வுட முடியாது.”

புள்ளி இருந்தால் என்னுடையது, இல்லாவிட்டால் அவனுடையது. என் பொறாமையை நானே ஊர் பார்க்க மேசைமேல் கவிழ்த்து வைத்திருந்தேன். மகளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அவன் பையிலிருந்து புது உறைகளை எடுத்தான். “டென்ஷன் ஆவாதீங்கண்ணா, மாத்திடலாம்” என்றான். குத்தலாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சண்டை போடவாவது சாக்குக் கிடைத்திருக்கும். அதைக்கூடக் கொடுக்கவில்லை, பாவி. மூன்று பேரும் உட்கார்ந்து உறை மாற்றினோம். அவள் முதல் ஆட்டத்தில் ஜெயித்து, ஓடிப்போய் அவன் கையில்தான் தட்டினாள்.

திரும்பும் ரயிலில் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். அப்பா மேல் கோபமா என்று அவள் காதோடு கேட்டேன்.

“இல்லப்பா. புள்ளியெல்லாம் அழகாத்தான் வெச்சிருந்தே” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு உச்சி குளிர்ந்தது. “அடுத்த வாட்டி மட்டும் அங்கிளாண்ட ஒரு வார்த்த கேட்டுக்கினு வெய்யி.”