பார்வை இல்லாத இரண்டாம் இயல்

“ஆய்வேட்டின் இரண்டாம் இயலில் இலக்கிய மீளாய்வு இடம்பெற வேண்டும்.” அஞ்சல்வழி எம்.ஃபில். கையேட்டின் விதி இது. விதி என்றால் எனக்குக் கரும்பு. அம்பத்தூரில் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்தேன். கடிதத்தின் தலையில் ‘பார்வை’ என்று போட்டு, முந்தைய கடிதங்களைக் குறிக்காத எந்தக் கோப்பும் என் மேசையைத் தாண்டியதில்லை. “முன்னாடி யார் என்ன எழுதினாங்கன்னு பார்க்காம நீ என்னய்யா புதுசா கிழிச்சிடப் போறே?” என்று திருப்பி வீசுவேன்.

என் தலைப்பு, அரசு ஊழியரின் தாமத வருகை. ஆவடியிலிருந்து மின்சார ரயிலில் வந்து போனவனுக்குத் தகவலுக்குப் பஞ்சமில்லை. இலக்கியம்தான் இடித்தது. விதி கேட்கிறதே என்று பழைய செய்யுள்களைப் புரட்டினேன். கார்காலத்தில் வருவேன் என்று சொல்லிப் போன தலைவன் வரவில்லை, தாமத வருகைதானே! மழை பிந்தியது, தூது பிந்தியது என்று நாற்பது பக்கம், உரையோடு எழுதினேன்.

நெறியாளர் என்னைவிட இளையவர். முகப்பேரில் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பில் இருந்த அவர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு பக்கம் படித்துவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

“சார், லிட்டரேச்சர் ரிவ்யூ கேட்டேன்.”

“அதைத்தானே எழுதியிருக்கேன், மேடம்?”

“கவிதை இல்ல சார். இதே விஷயத்தை முன்னாடி யார் ஆராய்ஞ்சாங்க, எதைக் கண்டுபிடிச்சாங்க, எதை விட்டாங்க. அதைப் பார்த்தாத்தானே உங்க கேள்வி புதுசான்னு தெரியும்? ஆபீஸ்ல பழைய ஃபைலைப் பார்க்காம நோட் போடுவீங்களா?”

காதுமடல் எரிந்தது. கொடுத்த காப்பியைக் குடித்தேனா என்று நினைவில்லை.

நூலகங்களில் தேடியபோது அவமானம் இரட்டித்தது. நான் கேட்க நினைத்ததையெல்லாம் எவர் எவரோ கேட்டு, பதிலும் சொல்லியிருந்தார்கள். ஒன்று மட்டும் மிச்சமிருந்தது: மேலதிகாரி தாமதமாக வந்தால் அதை யார் குறிப்பது? அதை வைத்து முழுவதையும் மாற்றி எழுத வேண்டியிருந்தது. அதற்குள் ஏடு கொடுக்கும் கெடு தாண்டிவிடும் என்பதால், செப்டம்பர் முடியும்வரை அவகாசம் கேட்டு விண்ணப்பித்தேன். அதற்கு மேல் பதிவு ரத்து.

செப்டம்பர் நடுவிலேயே ஏடு தயாராகிவிட்டது. அவகாசத்துக்கான அனுமதி மட்டும் வரவில்லை.

“முதல்ல போய்க் கொடுத்துடுங்க சார். அனுமதி பின்னாடி வரும்,” என்றார் நெறியாளர்.

“அனுமதி இல்லாம தாக்கல் செய்யறது விதிமீறல், மேடம்.”

அலுவலகக் கடைநிலை ஊழியர் தினமும் கேட்பார்: “இன்னா சார், பட்டம் வாங்கிகினு வந்துட்டீங்களா? ஸ்வீட் எங்க?” நான் கோப்பில் தலையைப் புதைத்துக்கொள்வேன்.

பல்கலைக்கழகத்தின் பதில் கடைசியில் வந்தது. பார்வை வரியில் என் விண்ணப்பம் பிழையின்றிக் குறிக்கப்பட்டிருந்தது. கேட்ட அவகாசத்தை ஒரு நாள்கூடக் குறைக்காமல் கொடுத்திருந்தார்கள். வந்தது மாலைத் தபாலில். அன்று தேதி செப்டம்பர் முப்பது.